புதுப்பிப்பு: தோட்டத்து மண் அணையில் கசிவு

மேலூர் பக்கம் எங்கள் தோட்டத்துச் சிறு மண் அணையின் வெளிக்கரை அடியில் நீர் கசிவதாக எழுதியிருந்தேன். களிமண்ணை அப்பி அடைக்கச் சொன்னீர்கள், அடைக்கவில்லை. வெளிப்பக்கம் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, நீர் வேறிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும்.

கசிவைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தேன். அடியில் செம்மண் படிந்தது. தெளிந்த நீரென்றால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் கரை உள்ளே அரிபடுகிறது. கரையினூடே நீர் திறந்துவிடும் மதகுக் குழாயை ஒட்டித்தான் அரிப்பு, வழக்கமான இடம். நீர்மட்டத்தை மெல்ல இறக்கினோம். கசிவின் மேல் பருமணல், அதன் மேல் சரளை, பிறகு கல் பரப்பினோம்: நீர் வெளியேறும், மண் நிற்கும். குழாயைத் தோண்டிக் கெட்டிக்கும் வேலை கோடைக்கு.

மிகை நீர் வழிந்தோடும் கலிங்கில் அண்ணன் மீனுக்குக் கட்டியிருந்த வலையையும் அவிழ்த்தாயிற்று. குப்பை அடைத்தால் வெள்ளம் கரை மேல் ஏறிவிடும். அவருக்குக் கோபம்தான், கெண்டை போனால் போகட்டும்.