பட்டி பெருகிய கதை, பெருகாத கதை

தாராபுரத்துக்காரன்
மாட்டுப் பொங்கலுக்கு "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று வருஷா வருஷம் கூவுகிறோம். என் பட்டி பெருகாத கதை இது. சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது.

ஒரு கறவை இருந்தது. முழு மாடு வாங்கக் காசில்லை, அதனால் எட்டு மாத ஜெர்சி கலப்புக் கிடாரி (இன்னும் ஈனாத இளம் பசு) ஒன்றை 11,000 ரூபாய்க்குப் பிடித்தேன். நல்ல உடம்பு, வாளிப்பு. இரண்டு பல் போட்டது, நாலு பல்லும் போட்டது. பருவத்துக்கு வந்து ஒரு நாள்கூடக் கத்தவில்லை. குடற்புழு மருந்து, தாது உப்பு, முளைகட்டிய பயறு என்று ஊரில் சொன்னதெல்லாம் கொடுத்தாயிற்று.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒரு நாள் தண்ணித் தொட்டியில் கையை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்தார். "ஏனப்பா, இது கூடப் பொறந்தது காளையா?" அவ்வளவுதான் கேட்டார். விற்றவருக்கு அப்போதே போன் போட்டேன். "ஆமாங்க, ரெட்டைக் கன்னு. காளையை அப்பவே வித்துப்போட்டம். ஏனுங்க?"

அந்த "ஏனுங்க" இன்னும் காதில் இருக்கிறது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் பிறவி மலடு என்றார். வயிற்றுக்குள் இரண்டுக்கும் ரத்தம் கலந்துவிடுமாம், காளையின் சுரப்பு கிடாரியின் கருப்பையை வளரவிடாதாம். காளையோடு பிறந்த கிடாரி நூற்றில் தொண்ணூறுக்கு மேல் இப்படித்தானாம்.

திருமங்கலம் பால்காரர்
தப்பு உங்கள் பேரில்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். காசில்லாதவன் கிடேரி வாங்கவே கூடாது. இரண்டு வருஷம் சும்மா தீனி போட யாரிடம் இருக்கிறது? பால் வற்றிய சினை மாடாகப் பாருங்கள். கறவை நின்ற மாட்டை, தீனி போட முடியாமல் வைகாசியில் மலிவாகத் தள்ளிவிடுவார்கள்.

நான் முதலில் வாங்கியது அப்படித்தான். துண்டுக்குள் விரலைப் பிடித்துத் தரகர் விலையை முடிக்கப் போனார். நான் கையை உருவிக்கொண்டு, ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர் கேட்டு மாட்டுக்கு வைத்தேன். அது குடித்து முடித்ததும் வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை அழுத்தினேன். உள்ளே இருந்து ஒரு உதை. தரகர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை, அடுத்த விலை கேட்டேன். இரண்டு மாதத்தில் ஈன்றது. இன்று ஆறு உருப்படி.

செய்யாறு பெண்
வாங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் அம்மா வாங்கவே இல்லை, வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்கப் பிடித்தார். ஊர்ப் பெரிய வீட்டுக் கன்றுக்குட்டி. வளர்த்துச் சினையாக்கி ஈன்ற பிறகு, மாட்டையும் கன்றையும் சேர்த்து விலை போட்டுப் பாதிப் பாதி. ஒருவர் விலை சொல்ல வேண்டும், எடுப்பதா விடுவதா என்பதை மற்றவர் சொல்ல வேண்டும்.

ஈன்று பதினைந்தாம் நாள் பெரிய வீட்டுக்காரர் வந்தார். "நீங்களே விலை சொல்லுங்க" என்றார் அம்மா. அம்மாவிடம் ஏது காசு, பாதியை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று அவர் குறைத்தே சொன்னார்: "ரெண்டும் சேர்ந்து இருபதாயிரம்." அம்மா உள்ளே போய் மஞ்சள் பையோடு வந்தார். மகளிர் குழுவில் முந்தின வாரமே கடன் எடுத்திருக்கிறார், எங்களுக்கே தெரியாது. பத்தாயிரத்தை எண்ணித் திண்ணையில் வைத்து, "மாட்ட நான் எடுத்துக்கறேன்" என்றார். அவர் அந்தப் பணத்தை இரண்டு முறை எண்ணினார். அந்த மாட்டின் பேத்திகள்தான் இப்போது எங்கள் கொட்டகையில் நிற்பவை.

அந்தியூர் சின்னையன்
சகோதரி, அருமை. ஆனால் திருமங்கலத்தார் சொல்வதில் பாதிதான் சரி. உதையைப் பார்த்து வாங்கினீர்கள், மடியைப் பார்த்தீர்களா? நான் பார்க்காமல் வாங்கினேன். ஈன்றபோது ஒரு காம்பு அடைப்பு. என் கதை அவ்வளவுதான்.

எல்லாரும் ஒரு கணக்கை மறந்துவிடுகிறீர்கள். பதினாலு மாதத்துக்கு ஒரு ஈத்து, பாதிதான் பெண் கன்று, அந்தக் கன்று தலையீத்து ஈனவே இரண்டரை வருஷம். இப்படிப் பார்த்தால் ஒரு மாட்டிலிருந்து ஐந்து வருஷத்தில் நாலு பெண் உருப்படி நின்றாலே நல்ல யோகம். இதில் பருவம் ஒன்று தவறினால் இருபத்தோரு நாள் போச்சு. மூன்று தவறினால் இரண்டு மாதப் பால் போச்சு, தீனிச் செலவு மட்டும் நிற்காது. காலையில் மாட்டின் பின்னால் கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கினால், அது பருவத்துக்கு வந்த அடையாளம், அன்று சாயங்காலமே சினை ஊசி போட வேண்டும். சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பவன் பட்டி பெருகவே பெருகாது. அப்புறம் சீம்பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கன்று குடித்தாக வேண்டும், நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் பழக்கத்தை விடுங்கள். மாட்டுக்குத் தினம் ஐம்பது கிராம் தாது உப்பு. பெரும்பாலும் பெண் கன்றே பிறக்கும் சினை ஊசியும் வந்துவிட்டது, விலை கூடுதல்தான், ஆனால் கிடாரிக்குப் போட்டுப் பாருங்கள்.

திருமங்கலம் பால்காரர்
மடி பார்க்காமலா வாங்குவேன்? நாலு காம்பையும் பீய்ச்சிப் பார்த்துத்தான். கதையை ஒரு வரியில் முடித்துவிட்டுப் பாடம் மட்டும் ஒரு பக்கம் எடுக்கிறீர்களே!

செய்யாறு பெண்
தாராபுரத்து அண்ணா, அந்தக் கிடேரியை என்ன செய்தீர்கள்?

தாராபுரத்துக்காரன்
இன்னும் இங்கேதான் நிற்கிறதம்மா. விற்கலாம் என்று இரண்டு தடவை கயிற்றை அவிழ்த்தேன். எங்கே போகும் என்று எனக்கும் தெரியும், வீட்டிலும் தெரியும். இரண்டு தடவையும் வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றுகொண்டாள். இப்போது அதுதான் கொட்டகையிலேயே பெரிய உருப்படி. சோளத்தட்டு ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு.