கேட்டதைத் திருப்பிச் சொல்கிறான், தானாகப் பேசுவதில்லை. வீட்டில் என்ன செய்யலாம்?

மழைத்துளி:
எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு மூன்றேகால் வயது. படத்தைக் காட்டினால் விலங்கு, வண்ணம், எழுத்து எல்லாம் கடகடவென்று சொல்வான். ஆனால் தனக்கு ஏதாவது வேண்டுமென்றால் வாய் திறப்பதில்லை, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான். "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் அவனும் "தண்ணி வேணுமா" என்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில சமயம்தான் திரும்புவான். மற்ற பிள்ளைகள் விளையாடும்போது பக்கத்தில் நின்று பார்ப்பான், சேர மாட்டான்.

வாரம் இரண்டு முறை ஸ்பீச் தெரபிக்குப் போகிறோம். "வீட்டில் நிறையப் பேசுங்கள்" என்கிறார்கள். நாள் முழுக்க "இது என்ன, அது என்ன" என்று கேட்கிறேன். அவன் எழுந்து போய்விடுகிறான். நிறையப் பேசுவது என்றால் எப்படி? வேண்டியதைப் படத்தைக் காட்டிக் கேட்கும்படி படக் கார்டு தரலாமா என்றும் தெரபிஸ்ட் கேட்கிறார். தந்தால் பேசவே மாட்டான் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

சொல்வனம்:
நான் பல வருடங்களாகக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்து வருகிறேன். உங்கள் பையனை நேரில் பார்க்காமல் இன்ன பிரச்சினை என்று சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதியதை வைத்து மட்டும் சொல்கிறேன்.

காது பரிசோதனை ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால் அதுதான் முதல் வேலை. தட்டு விழுந்தால் திரும்புகிறானே என்று விட்டுவிடாதீர்கள். நடுக்காதில் நீர் கோத்திருந்தால் பெரிய சத்தம் கேட்கும், பேச்சு மட்டும் மங்கலாகக் கேட்கும். அதோடு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, கையை இழுத்துப் போவது, இதையெல்லாம் குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் சொல்லி ஒரு முழு மதிப்பீடும் செய்துகொள்ளுங்கள். முன்பு பேசிய சொற்களை இப்போது விட்டுவிட்டான் என்றால் தள்ளிப்போடவே கூடாது.

இப்போது வீட்டு விஷயம். "இது என்ன?" என்பது பரீட்சைக் கேள்வி. பதில் உங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அவனிடம் சொற்கள் இருக்கின்றன. அவற்றை இன்னொருவரிடம் பயன்படுத்தினால் ஒரு காரியம் நடக்கும் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. அதனால் கேள்விகளைக் குறையுங்கள், காத்திருப்பதைக் கூட்டுங்கள்.

சோப்புக் குமிழி ஊதும் டப்பா ஒன்று வாங்குங்கள். அவன் முகத்துக்கு நேராகத் தரையில் உட்காருங்கள். ஒரு தடவை ஊதிவிட்டு மூடியை இறுக்கி மூடி அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பிறகு ஒன்றும் சொல்லாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், கஷ்டமாகத்தான் இருக்கும். திறந்து பார்ப்பான், முடியாது. டப்பாவை உங்களிடம் நீட்டுவான், அல்லது மூடியைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பான். அந்த ஒரு பார்வையே பேச்சுதான். உடனே "திற!" என்று ஒரே சொல்லைச் சொல்லித் திறந்து ஊதுங்கள். "திற-ன்னு சொல்லு, சொன்னாத்தான் தருவேன்" என்று பிடிவாதம் வேண்டவே வேண்டாம். சொல்லாவிட்டாலும் ஊத வேண்டும். தான் கேட்டது உங்களுக்குப் புரிந்தது என்று அவனுக்குத் தெரியட்டும்.

திருப்பிச் சொல்வதைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். அதை நிறுத்த முயலாதீர்கள். 1981-லேயே பிரைசான்ட், டூஷான் என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் இப்படித் திருப்பிச் சொல்லும் எதிரொலிப் பேச்சை ஆராய்ந்து, அதில் மாறி மாறிப் பேசுவதில் தன் முறையை எடுத்துக்கொள்வது, ஆமாம் என்பது, வேண்டியதைக் கேட்பது என்று பல நோக்கங்கள் இருப்பதைக் காட்டினார்கள். உங்கள் பையனையே பாருங்கள். தண்ணீர் கிடைக்கிற ஒவ்வொரு முறையும் அவன் காதில் விழுவது "தண்ணி வேணுமா?" என்பதுதான். அப்படியானால் தண்ணீர் கேட்க அதைத்தானே சொல்வான்? அதனால் அவன் சொல்ல வேண்டியதை அவன் இடத்தில் நின்று நீங்கள் சொல்லுங்கள். டம்ளரை நீட்டும்போது "தண்ணி வேணும்", கொடுத்தபின் "ஆ, தண்ணி!". அவ்வளவு போதும்.

தெரபி அறைக்கு வெளியே காத்திருக்காதீர்கள், உள்ளே உட்கார முடியுமா என்று கேளுங்கள். பிரிட்டனில் பேக்ட் என்ற ஆய்வில் ஆட்டிசம் உள்ள 152 சிறு குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். அதன் சிகிச்சையில், பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, தெரபிஸ்ட் அவர்களோடு சேர்ந்து பார்த்துப் பேசினார்கள். 2010-ல் வந்த முதல் முடிவில், அந்தப் பெற்றோர் குழந்தையின் போக்குக்கு ஏற்பப் பேசுவதும், குழந்தைகள் தாமாகப் பெற்றோரிடம் பேச்சைத் தொடங்குவதும் கூடியிருந்தன. ஏறத்தாழ ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்தச் சிகிச்சை பெற்ற குழுவில் அறிகுறிகளின் தீவிரம் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற மற்ற குழுவைவிடக் குறைவாக இருந்தது. நீங்களும் ஐந்து நிமிடம் போனில் எடுத்து தெரபிஸ்டிடம் காட்டுங்கள். "நிறையப் பேசுங்கள்" என்பதோடு விடாமல், "இந்த வாரம் குளிக்கும்போது எந்தச் சொல்?" என்ற அளவுக்குத் துல்லியமாகக் கேட்டு வாங்குங்கள்.

படக் கார்டைத் தாராளமாகக் கொடுங்கள். படம், சைகை, தொட்டால் பேசும் கருவி ஆகியவை பேச்சைத் தடுக்குமா என்று ஆராய்ந்த ஒரு தொகுப்பு 2006-ல் வந்தது. நம்பகமான தரவு இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலானவர்களுக்குக் கூடியது. வீட்டில் பயப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஏணிப்படி:
ஒரு அப்பாவாக, விளையாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "போ, போய் அவங்களோட விளையாடு" என்று அனுப்பினால் என் மகள் சுவரோரம் ஒண்டிக்கொள்வாள். எங்கள் தெரபிஸ்ட் சொன்னபடி ஒரே ஒரு குழந்தையோடு தொடங்கினோம், இருவர் இருந்தால்தான் நடக்கிற விளையாட்டாகப் பார்த்து. ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, மேலிருந்து ஒருத்தி கார் விட வேண்டும், கீழே மற்றவள் பிடிக்க வேண்டும். "இப்ப நீ... இப்ப அவ" என்பது மட்டும்தான் என் வசனம். கார் வராவிட்டால் மேலே இருப்பவளை நிமிர்ந்து பார்த்தாக வேண்டும் இல்லையா? அங்கேதான் என் மகள் முதல்முதலாக இன்னொரு குழந்தையைப் பார்த்து "விடு!" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. களைத்துவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

மழைத்துளி:
இருவருக்கும் மிக்க நன்றி. காது பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிட்டேன். நேற்று குமிழி டப்பாவை வைத்துப் பார்த்தேன். டப்பாவை என் மடியில் போட்டுவிட்டு என் வாயையே பார்த்தான், சொல் வரவில்லை. ஒரு சந்தேகம்: என்னைப் பார்க்க வைக்க "அம்மாவைப் பார்" என்று முகத்தைத் திருப்பலாமா?

சொல்வனம்:
வேண்டாம். கட்டாயப்படுத்தினால் பார்ப்பதே அவனுக்குத் தொல்லையாகிவிடும். அவனுக்குப் பிடித்த பொருளை உங்கள் கன்னத்தருகே பிடித்துக்கொள்ளுங்கள், பார்த்தால் சரி, பார்க்காவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். அப்புறம், வாயையே பார்த்தான் என்றீர்களே, நல்ல விஷயம். அடுத்த முறை ஊதுவதற்கு முன் வாயைக் குவித்து ஒரு நொடி அப்படியே நில்லுங்கள். அவனும் குவிக்கிறானா என்று பார்த்து எழுதுங்கள்.