73 வயது மாமியாருக்கு மார்பில் கட்டி, ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார்

கரிசல்காரி:

யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே போடுகிறேன். மாமியாருக்கு 73 வயது, கோவில்பட்டி பக்கம் கிராமம். சர்க்கரை இருக்கிறது, சில வருடம் முன்னால் நெஞ்சு வலி வந்ததிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். மற்றபடி ஆள் திடம், வாசல் தெளித்துக் கோலம் போடுவது இன்றைக்கும் அவர்தான்.

ரெண்டு மாதமாகத் தன் ஜாக்கெட்டை மட்டும் தனியாகத் துவைத்துக் கொல்லைப் பக்கம் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் பெரிதாக நினைக்கவில்லை. போன வாரம் திடீரென்று மழை, ஓடிப்போய்க் கொடியில் கிடந்ததை அள்ளினேன், அப்போதுதான் பார்த்தேன், இடது பக்கம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் துரு நிறத்தில் ஒரு கறை, துவைத்தும் போகவில்லை. கேட்டால் வெற்றிலைக் கறை என்றார். வெற்றிலைக் கறை அங்கே எப்படி வரும்? ரெண்டு நாள் விடாமல் கேட்ட பிறகு, கதவைச் சாத்திவிட்டுக் காட்டினார். காம்பு உள்ளே இழுத்திருக்கிறது, பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் கல் மாதிரி ஒரு கட்டி. அமுக்கினாலும் வலிக்கவில்லையாம். "வலிச்சாத்தானே வியாதி, இந்த வயசுல எதுக்கு ஆஸ்பத்திரி, கத்தி பட்டா பரவிடும்" என்கிறார். பேத்திக்கு வரன் பார்க்கிற நேரத்தில் பேச்சு வெளியே போகக்கூடாதாம். வீட்டுக்காரரோ அம்மாவிடம் இதை எப்படிப் பேசுவது என்று கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கிறார்.

மார்பை எக்ஸ்ரே எடுக்கிற மாமோகிராம் எல்லாம் 65, 70 வயது வரைக்கும்தான் என்று எங்கோ படித்தேன். அப்படியென்றால் இவருக்கு எடுக்கமாட்டார்களா? கூட்டிப்போவதில் அர்த்தம் இருக்கிறதா?

வெள்ளுடுப்பு35:

தங்கச்சி, 35 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் அந்த வயதுக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் படித்த வயது வரம்பெல்லாம், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை வரிசையாகக் கூப்பிட்டுப் பார்க்கிறார்களே, அதற்கு. நம் அரசுத் திட்டத்தில் 30 முதல் 65 வரை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை கையால் பரிசோதனை, அமெரிக்காவில் 40 முதல் 74 வரை ரெண்டு வருடத்துக்கு ஒரு முறை மாமோகிராம், இப்படி ஊருக்கு ஒரு கணக்கு. கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகு அந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, 73 ஆனாலும் 93 ஆனாலும் பார்த்தே ஆகவேண்டும். சொல்லப்போனால் வயதாக ஆக மார்பில் கொழுப்புதான் மிஞ்சும், அதனால் மாமோகிராமில் இளம் பெண்களைவிட வயதானவர்களுக்குப் படம் தெளிவாகவே வரும்.

வலி இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புற்றுக் கட்டி பெரும்பாலும் வலிக்காது, அதனால்தான் ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஜாக்கெட்டுக்குள் மறைத்துவிட்டு வருகிறார்கள். நீங்கள் எழுதியிருப்பதில் காம்பு உள்ளே போனது, ரத்தக் கறை, கல் மாதிரிக் கட்டி, மூன்றுமே எனக்குப் பிடிக்கவில்லை. புற்றுதான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இந்த வாரமே போங்கள். அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழிகுழியாக இருக்கிறதா என்றும் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

கோவில்பட்டி அரசு மருத்துவமனையிலேயே முதலில் காட்டலாம், அங்கிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தால் போங்கள். கையால் பார்ப்பார்கள், மாமோகிராமும் ஸ்கேனும் எடுப்பார்கள், அப்புறம் மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியால் துளி சதை எடுத்து பயாப்சிக்கு, அதாவது புற்றா இல்லையா என்று பார்க்கிற சோதனைக்கு அனுப்புவார்கள். சதை எடுத்தால் பரவும் என்பது சும்மா கட்டிவிட்ட கதை. மாமோகிராம் அன்றைக்கு அக்குளில் பவுடர், சென்ட் எதுவும் போட்டுவிடாதீர்கள், படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழுந்து குழப்பும். அந்த ரத்தம் உறையாத மாத்திரையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தக்கூடாது.

வைகைக்கரை:

எல்லோரும் கோபப்படுவீர்கள், ஆனாலும் சொல்கிறேன். 73 வயதில் சர்க்கரையும் நெஞ்சு வலியும் இருக்கிற அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஆபரேஷன், கீமோ, முடி கொட்டுவது என்று வதைப்பதைவிட நிம்மதியாக விட்டுவிடலாமே? எங்கள் பெரியம்மாவை எண்பது வயதில் அப்படித்தான் விட்டோம். வயதானவர்களுக்கு மெதுவாகத்தானே வளரும் என்கிறார்கள்.

வெள்ளுடுப்பு35:

தம்பி, மெதுவாக வளரும் என்பது பல பேருக்கு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் விட்டால் நிம்மதி என்பதை ஒத்துக்கொள்ளமாட்டேன். விட்ட கட்டி தோலை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, புண்ணாகி, நாற்றம் தாங்காமல் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வராத நிலைமையில் கொண்டுவந்து சேர்த்த பாட்டிகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அந்தப் பாட்டிகள் வாசனைக்கு என்று கட்டிலைச் சுற்றி ஊதுபத்தி ஏற்றி வைக்கச் சொல்வார்கள். அதைப் பார்த்தவள் யாரும் விட்டுவிடு என்று சொல்லமாட்டாள்.

இன்னொன்று, சிகிச்சை என்றாலே கீமோ இல்லை. மாதவிடாய் நின்று பல வருடம் ஆனவர்களுக்கு வரும் கட்டியில் பெரும்பாலானது ஹார்மோனைச் சார்ந்து வளர்வது. லெட்ரோசோல் மாதிரி ஒரு மாத்திரை, தினம் ஒன்று, அதிலேயே கட்டி சுருங்குவதுண்டு. மயக்கம் கொடுக்க முடியாத அளவுக்கு இதயம் மோசமானவர்களை அந்த மாத்திரையிலேயே வைத்திருப்பார்கள். 70 வயதுக்கு மேல், கட்டி சின்னதாக, ஹார்மோன் வகையாக, நெறியும் கட்டாமல் இருந்தால் கட்டியை எடுத்த பிறகு கதிர்வீச்சுகூட வேண்டாம் என்று விடுவதுண்டு. என்ன வகை என்று தெரிந்தால்தானே இதெல்லாம் பேச முடியும், அதற்குத்தான் பயாப்சி. வேண்டாம் என்று சொல்கிற உரிமை அந்த அம்மாவுக்கு உண்டு, ஆனால் என்ன வியாதி என்று தெரிந்துகொண்டு சொல்லட்டும்.

ராசாத்தியம்மா:

கண்ணு, உன் மாமியார் வயசுதான் எனக்கும், இன்னும் ரெண்டு வருஷம் குறைச்சல். 68 வயசில் எனக்கு வலது பக்க மார்பை எடுத்தார்கள். நானும் நாலு மாசம் யாரிடமும் சொல்லாமல் ஏதோ இலையை அரைத்துப் பத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏன் தெரியுமா? சாவு பயமில்லை. ஆம்பிளை டாக்டர் முன்னால் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டுமே என்ற கூச்சம், அப்புறம் மகன் கடன் வாங்குவானே என்ற கவலை. உன் மாமியாரிடம் பேத்தி கல்யாணம், வயசு எல்லாம் சாக்கு. இந்த ரெண்டையும் நீ முதலில் தீர்த்து வை. பெண் டாக்டர் வேண்டும் என்று சீட்டு போடும்போதே கேள், நீயும் உள்ளே கூடவே நில். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் 5 லட்சம் வரைக்கும் உண்டு, எனக்கு அதில்தான் நடந்தது, அட்டையை எடுத்துக் கையில் கொடு.

எடுத்த அன்றைக்குக் கண்ணாடி பார்க்கவில்லை. பத்தாம் நாள் பார்த்தேன். இப்போது பழைய பருத்திச் சேலையில் கம்பு தானியத்தை வைத்துத் தைத்த ஒரு சின்னத் தலையணையை உள்ளே வைத்துக்கொள்கிறேன், பஞ்சு வைத்தால் எடை இல்லாமல் ஒரு பக்கம் மேலே ஏறிவிடுகிறது. தையல்காரப் பெண் எனக்காகவே உள்பை வைத்து ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள்.

மாங்கனி சேலம்:

இடையில் ஒரு வார்த்தை. இது பெண்களுக்கு மட்டும் என்று நினைத்து எங்கள் அப்பா 66 வயதில் காம்புக்குக் கீழே இருந்த கட்டியை வேனல் கட்டி என்று விட்டுவிட்டார். இந்த நோய் வருகிற நூறு பேரில் ஒருவர்தான் ஆண், ஆனால் வரும். வேட்டி கட்டிக்கொண்டு வெற்று மார்போடு திண்ணையில் உட்கார்ந்திருந்த மனிதர், வீட்டில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

வெள்ளுடுப்பு35:

இதைப் படிக்கிற மற்ற ஐம்பது வயசுக்காரிகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மாமோகிராம் நம் ஊரில் எல்லோருக்கும் கிடைக்காது, சரி. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து 20 வருடம் பார்த்தார்கள், 2021ல் முடிவு வந்தது. டாக்டர்கூட இல்லை, பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள் ரெண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் பார்த்ததிலேயே, 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்த நோயால் வரும் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. பிரஷர் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறீர்கள் இல்லையா, அங்கேயே மார்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தடுக்க முழு வழி எதுவும் இல்லை, ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்புத் திசுதான் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரக்கும் இடம், அதனால் இடுப்புச் சதையைக் கொஞ்சம் குறைப்பது வீண் போகாது.

தங்கச்சி, உங்கள் நாத்தனார்களிடமும் சொல்லுங்கள். பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்துதான், இருந்தாலும் அவர்கள் உங்கள் மாமியார் பெற்ற பிள்ளைகள், டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடட்டும்.

கரிசல்காரி:

எல்லோருக்கும் நன்றி. ராசாத்தியம்மா எழுதியதை அப்படியே அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கம்புத் தலையணை இடத்தில் சிரித்துவிட்டார், "கம்பா, எறும்பு வராதா" என்று கேட்டார். வருவதற்குச் சம்மதம், ஆனால் ரெண்டு நிபந்தனை: பெண் டாக்டர், ஊரில் யார் கேட்டாலும் கண் ஆபரேஷனுக்குப் போவதாகச் சொல்ல வேண்டும். சரி என்றேன்.

திங்கட்கிழமை போய் வந்தோம். வெள்ளிக்கிழமை பயாப்சி, மாத்திரையைப் பற்றி இதய டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். ரிசல்ட் வர எத்தனை நாள் ஆகும் அக்கா? வீட்டுக்காரர் இப்போதே நாளுக்கு நாலு தடவை கேட்கிறார்.

வெள்ளுடுப்பு35:

ஹார்மோன் சோதனையும் சேர்த்து ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் ஆகலாம். அவரையே போய் வாங்கி வரச் சொல்லுங்கள்.

ராசாத்தியம்மா:

எறும்பு வராது. கம்பை ஒரு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்துக்கொண்டு தைக்கணும். மாசம் ஒரு தடவை மாற்றிவிடுவேன் என்று அத்தையிடம் சொல்.