நோ ஃபால்ட் லயபிலிட்டிக்கு வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

கோயம்புத்தூர், திங்கள் காலை

மடற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம். லேத் பட்டறை, ஃபவுண்டரி வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் போட்டுக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற அரசுக் காப்பீடு வந்துவிடும். ஏழெட்டுப் பேரை வைத்து ஓட்டுகிறவர்தான் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் நேராக மாட்டுகிறார் (1923-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 2025 நவம்பரில் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது). காப்பீடு எடுத்தே தீரவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, விபத்து நடந்தால் இழப்பீடு தந்தே தீரவேண்டும் என்கிறது. கைக்காசு போகாமலிருக்கத்தான் ஏஜெண்டுகள் டபிள்யூ.சி. (வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன்) பாலிசி என்று விற்பதை வாங்குகிறோம். இதெல்லாம் எழுதிவிட்டேன். நான் சிக்கிக்கொண்டது 'நோ ஃபால்ட் லயபிலிட்டி'யில், அதாவது விபத்தில் தப்பு யாருடையதானாலும் முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்பதில். 'தவறில்லாப் பொறுப்பு' என்று போட்டுப் பட்டறைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். "என் மேல தப்பில்லைன்னா பொறுப்பில்லை, அதானே?" என்றார். அர்த்தம் தலைகீழாகிவிட்டது. உதவுங்கள்.

மதுரை, திங்கள் மாலை

அம்மா, அந்த முதலாளி சரியாகத்தான் படித்திருக்கிறார். தவறு யாருடையது என்று உங்கள் தொடர் சொல்லவே இல்லையே. தவறு இல்லாமல் இருப்பது வேறு, தவறைக் கணக்கில் எடுக்காமல் இருப்பது வேறு. 'குற்றம் பாராக் கடப்பாடு' என்று போடுங்கள். பாரா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே வல்லினம் மிகும், அச்சகத்தில் அந்த 'க்'கை விழுங்கிவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். 'பொறுப்பு' வேண்டாம். பொறுத்தல் என்பது சுமத்தல், பொறுமை காத்தல். இழப்பீடு தருவதில் பொறுமைக்கு என்ன வேலை? கடப்பாடு கடனோடு உறவுள்ள சொல், தமிழில் கடன் என்றால் கடமையும்தான், கொடுக்கவேண்டிய பணமும்தான். இரண்டும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. வள்ளுவரே "கைம்மாறு வேண்டா கடப்பாடு" என்று ஆண்டிருக்கிறார்.

சென்னை, திங்கள் இரவு

ஐயா, வள்ளுவரே 'வேண்டாக் கடப்பாடு' என்று ஒற்றுப் போடவில்லையே?

மதுரை, செவ்வாய் அதிகாலை

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் தம்பி. அங்கே 'வேண்டா' பெயரெச்சமே அல்ல, வினைமுற்று. 'கடப்பாடு கைம்மாறு வேண்டா' என்று மாற்றிக்கூட்டித்தான் பரிமேலழகர் பொருள் சொல்கிறார். பலவின்பால் எதிர்மறை முற்று, அதனால் மிகவில்லை. ஒற்றுப் போட்டிருந்தால் குறளின் பொருளே வேறு.

சென்னை, செவ்வாய் மதியம்

ஒற்றை விடுவோம். 'குற்றம் பாரா' என்பது சட்டப்படியே தப்பு. மூன்று குற்றங்களைச் சட்டம் பார்க்கத்தான் செய்கிறது. தொழிலாளி குடித்திருந்தது, பாதுகாப்புக்காகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியது, மெஷினின் பாதுகாப்பு மறைப்பை வேண்டுமென்றே கழற்றியது. காயம் இதனால்தான் என்று காட்டினால் முதலாளி தரவேண்டியதில்லை. அப்படியும், ஆள் இறந்துபோனாலோ நிரந்தரமாக முழு ஊனமடைந்தாலோ இந்தச் சாக்குகள் எடுபடாது. வெறும் கவனக்குறைவு எந்தக் கட்டத்திலும் சாக்காகாது. அதோடு 'குற்றம்' என்றாலே போலீஸ் ஞாபகம் வருகிறது. 'பிழை சாராப் பொறுப்பு' போதும், பிழையைப் பார்க்கலாம், பொறுப்பு அதைச் சார்ந்து நிற்காது.

யாழ்ப்பாணம், செவ்வாய் இரவு

இங்கே 1934-ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் இருக்கிறது, நாங்கள் நட்டஈடு என்றுதான் எழுதுவோம். இன்சூரன்சும் எங்களுக்குக் காப்புறுதி. உங்கள் 'காப்பீடு' எனக்கு எப்போதும் உறுத்தும். ஈடு என்றால் அடகுப்பொருள் அல்லவா? எதை அடகு வைத்துக் காக்கிறீர்கள்? உறுதி கொடுப்பதுதானே அந்த வியாபாரம்.

மதுரை, செவ்வாய் நள்ளிரவு

ஈடு அடகு மட்டுமல்ல ஐயா. சுடு சூடானதுபோல் இடு ஈடாயிற்று, முதனிலை திரிந்த தொழிற்பெயர். நிகர் என்ற பொருளும் அதற்கு உண்டு, ஈடு இணை என்கிறோமே. திருவாய்மொழிக்கு ஈடு முப்பத்தாறாயிரப்படி என்றே ஓர் உரை இருக்கிறது. நீங்கள் எழுதும் நட்டஈட்டிலும் அதே ஈடுதான், முன்னால் நிற்பதோ வடமொழி நஷ்டம். இழப்பீடு இரண்டு பக்கமும் தமிழ். இதைப்பற்றித் தனியாக ஒரு மடல் எழுதுகிறேன்.

கோயம்புத்தூர், புதன் காலை

தனி மடல் வெள்ளிக்குப் பிறகு வரட்டும் ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

கணபதி பட்டறைக்காரர், புதன் மாலை

அம்மணி இந்தக் கடிதங்களை எனக்கு அனுப்பிக் கருத்துச் சொல்லச் சொன்னாங்க. பெரியவங்க கோவிச்சுக்கக் கூடாது, கடப்பாடுன்னா எனக்குக் கடப்பாரைதான் ஞாபகம் வருது. பிழைன்னு தலைப்பைப் பார்த்தாலே எவனும் அந்தப் பக்கத்தைப் படிக்கமாட்டான், நம்ம மேல பிழை சொல்றாங்கன்னு புரட்டிருவான். எங்க பக்கத்துப் பட்டறையில் பிரஸ்ல ஒரு பையனுக்குக் கட்டைவிரல் போச்சு. தப்பு அவன்மேலதான்னு எல்லாரும் சொன்னோம். முதலாளி கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, இனிமேல் எதுவும் கேட்கமாட்டேன்னு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். அந்தப் பத்திரம் செல்லாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. தப்பு யாருதுன்னு கேட்கவே மாட்டாங்கன்னு அன்னைக்கே யாராவது எங்களுக்குப் புரியற மாதிரிச் சொல்லியிருக்கணும்.

கோயம்புத்தூர், வியாழன் இரவு

அண்ணன் சொன்ன பிறகு அந்தப் பக்கத்தையே மாற்றிவிட்டேன். மேலே பெரிய எழுத்தில் 'தப்பு யார் மேல் இருந்தாலும்', அடியில் அவர் சொன்ன கட்டைவிரல் கணக்கு. முப்பது வயது, மாதம் 15,000 ரூபாய் சம்பளம். கணக்குக்குச் சட்டம் எடுத்துக்கொள்ளும் சம்பள உச்சவரம்பாக 2020-இல் வைத்ததும் அதுதான். அதில் 60 விழுக்காடு 9,000. முப்பது வயதுக்குரிய காரணி 207.98, பெருக்கினால் 18,71,820. அது முழு ஊனத்துக்கானது. கட்டைவிரலுக்கு அட்டவணையில் 30 விழுக்காடு, ஆக 5,61,546 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 விழுக்காடு வட்டி, தகுந்த காரணம் இல்லையென்றால் பாதித் தொகை வரை அபராதமும் சேரலாம். கலைச்சொல்லைக் கடைசிப் பக்கச் சொற்பட்டியலுக்குத் தள்ளிவிட்டேன். அங்கே 'பிழை சாராப் பொறுப்பு' என்று இருக்கிறது. ஆதரித்தவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேர் இதோடு முடித்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள்.

மதுரை, வெள்ளி காலை

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பொறுப்பு பொருந்தாது. அடுத்த பதிப்பில் கடப்பாடு வரவேண்டும். 'ப்' போட்டதற்கு நன்றி.

கணபதி பட்டறைக்காரர், வெள்ளி மதியம்

புத்தகம் பார்த்தேன், நல்லா இருக்குங்க. எங்க ஒன்பது பேருக்கும் பாலிசி போட்டாச்சு. சம்பளத்தைக் குறைச்சுக் காட்டினால் பிரீமியம் குறையும்னு ஏஜெண்ட் சொன்னார், வேண்டாம்னுட்டேன். அபராதத்தை மட்டும் கம்பெனி தராதாமே, நாமதான் கட்டணுமாம். அதையும் ஒரு வரி சேர்த்துருங்க.

மதுரை, வெள்ளி மாலை

சேர்க்கும்போது 'அபராதம்' வேண்டாம், வடசொல். 'ஒறுப்புத்தொகை' என்று போடலாம். ஒறுத்தல் என்பது...