பிஸ்டன் 'மைனஸ் 3 சிசி': கூட்டுவதா, கழிப்பதா?

நண்பர்களே, கம்ப்ரெஷன் ரேஷியோ (பிஸ்டன் அடியில் நிற்கும்போது உள்ள மொத்த இடத்துக்கும், உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதம்) கணக்கில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். தினமும் ரோட்டில் ஓடும் பெட்ரோல் கார், டர்போ கிடையாது. போர் (சிலிண்டர் விட்டம்) 82, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 86 மி.மீ., அதாவது ஒரு சிலிண்டருக்கு 454.2 சிசி. ஹெட் சேம்பர் (சிலிண்டரின் மேல் மூடியில் உள்ள எரியறை) 40 சிசி, கேஸ்கெட் (83 மி.மீ. விட்டம், அழுத்தியபின் 1 மி.மீ.) 5.4, பிஸ்டன் உச்சியிலும் டெக்குக்கு (சிலிண்டர் பிளாக்கின் மேல் தளம்) 0.5 மி.மீ. கீழே நிற்பதால் இன்னும் 2.6.

இதுவரை சரி. புது பிஸ்டன் பெட்டியில் '-3 சிசி' என்று போட்டிருக்கிறது. அது பிஸ்டன் தலையில் உள்ள குழி என்றால் உச்சியில் மீதி இடம் 51 சிசி, ரேஷியோ 9.9. மேடு என்றால் 45, ரேஷியோ 11.1! சாதா பெட்ரோலில் நாக்கிங் (கலவை தானாகவே பற்றி எஞ்சின் தட்டுவது) வருமா வராதா என்பதே இதில்தான் இருக்கிறது. பிஸ்டன் தலையில் லேசான மேடும் இருக்கிறது, வால்வுக்கான வெட்டுகளும் இருக்கின்றன, எது ஜெயிக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியவில்லை.

பிஸ்டனை டெக்கிலிருந்து 10 மி.மீ. இறக்கி, ஓரத்தில் கிரீஸ் பூசி, அக்ரிலிக் தகடு மூடி, சிரிஞ்சால் திரவம் விட்டு அளக்கலாம் என்றிருக்கிறேன். தட்டையான பிஸ்டனுக்கு 52.8 சிசி பிடிக்க வேண்டும், கூடினால் குழி, குறைந்தால் மேடு. இது போதுமா? மேல் ரிங்குக்கு மேலே, பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கையும் சேர்ப்பீர்களா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.