சவுதியிலிருந்து வந்த ரிக்கார்டு பிளேயர் மெதுவாகச் சுற்றுகிறது, மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

திங்கள்சந்தை கீபோர்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமா 1979 முதல் 1986 வரை தம்மாமில் வெல்டராக இருந்தார். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் டேப்ரிக்கார்டர் தூக்கிக்கொண்டு வந்த காலத்தில் அவர் ஒரு ரிக்கார்டு பிளேயரும் முப்பத்தெட்டு எல்.பி. தட்டுகளும் கொண்டுவந்தார். கூட வேலை பார்த்த இங்கிலாந்துக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது பாதியைக் கொடுத்துவிட்டுப் போனாராம். மீதி மாமா சம்பளத்தில் வாங்கியது. டீப் பர்ப்பிள், லெட் செப்பலின், பிங்க் ஃபிளாய்ட், ஈகிள்ஸ் என்று எல்லாம் ஆங்கில ராக் இசைக்குழுக்கள். எங்கள் தெருவில் வேறு யாரும் கேட்காத பாட்டு.

சனிக்கிழமை சாயங்காலம் குளித்துவிட்டு வந்து உட்காருவார். கையை நன்றாகத் துடைத்து, தட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் விளிம்பில் மட்டும் பிடித்து உறையிலிருந்து எடுப்பார். ஊசி இறங்கும்வரை பிள்ளைகள் யாரும் தரையில் அசையக் கூடாது. முதலில் 'மெஷின் ஹெட்' தட்டின் இரண்டாம் பக்கம். அதில் முதல் பாட்டு 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. அதன் கதையும் கூடவே வரும். 1971 டிசம்பரில் டீப் பர்ப்பிள்காரர்கள் சுவிட்சர்லாந்தில் மோந்த்ரோ என்ற ஊருக்கு இந்த ஆல்பத்தைப் பதிவு செய்யப் போகிறார்கள். பதிவு நடக்க வேண்டிய கேசினோ, வேறொருவர் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே தீப்பிடித்து எரிந்துபோகிறது. ஏரி மேல் புகை பரவியதைப் பார்த்துப் பிறந்த பாட்டு அது. கடைசியில் மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலின் நடையில் மெத்தைகளை அண்டக் கொடுத்து, வாசலில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இன்னொரு குழுவின் ஒலிப்பதிவு வண்டியை நிறுத்தித் தட்டை முடித்தார்கள். இதை மாமா நூறு தடவையாவது சொல்லியிருப்பார். நாங்களும் நூறு தடவை வாய் பிளந்து கேட்டோம்.

போன வருஷம் மாமா இறந்துவிட்டார். மாமி எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டாள். இப்போதுதான் எனக்குப் புரிந்தது, செட் மெதுவாகச் சுற்றுகிறது. நான் கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். செல்போனில் அந்தப் பாட்டைப் போட்டால் சுருதி ஜி மைனர். மாமா செட்டில் போட்டால் சுருதி இறங்கி ஈ, அதுவும் ஈ-க்குச் சற்றுக் கீழே. ஐந்து நிமிஷம் நாற்பது வினாடிப் பாட்டு ஆறே முக்கால் நிமிஷம் தாண்டி ஓடுகிறது. வேகக் குமிழை 33-லிருந்து 45 சுற்றுக்குத் திருப்பினால் வேகம் கூடிப்போகிறது.

நாகர்கோவிலில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் மோட்டார் போய்விட்டது, இதற்கு மோட்டார் கிடைக்காது, எடைக்குப் போடுங்கள் என்றார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மாமா அடிக்கடி ஒன்று சொல்வார்: "தம்மாம்ல கேட்டப்போ இந்தப் பாட்டுல ஒரு துடிப்பு இருந்துச்சு மக்கா, ஊருக்கு வந்ததும் அது போயிட்டு." அப்படியென்றால் 1986-லேயே மோட்டார் கெட்டுவிட்டதா? கெட்ட மோட்டார் நாற்பது வருஷம் ஓடுமா? இன்னொன்று, பாதித் தட்டுகளில் அரிசிமாவு தூவினது போல வெள்ளைப் பூஞ்சை. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

கடியபட்டணம் கப்பல்காரன் எழுதியது:

தம்பி, மோட்டாரில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். முதலில் ஓர் எண்ணிக்கை எடுங்கள். தட்டின் நடு லேபிளில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். ஊசியை இறக்கி, பாட்டு ஓடும்போதே மூன்று நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். எல்.பி. நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே கால்தானே என்று சிலர் நினைப்பார்கள். இல்லை, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும். அதனால் மூன்று நிமிஷத்துக்குச் சரியாக 100 வர வேண்டும். 97, 98 என்று வந்தாலோ ஒவ்வொரு தடவையும் மாறி மாறி வந்தாலோ, மோட்டாரோடு சேர்த்துத் தட்டைச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட் வழுக்குகிறது. அப்படி இல்லாமல் ஒரே மாதிரி குறைவாக வந்தால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. செட்டின் பின்தகட்டில் வோல்ட் எவ்வளவு, ஹெர்ட்ஸ் (கரண்ட் வினாடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்ற கணக்கு) எவ்வளவு என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

வில்லுக்குறி பையன் எழுதியது:

அண்ணே, இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? சூட்கேஸ் மாதிரி மூடுகிற புது பிளேயர் ஆன்லைனில் கிடைக்கிறது. ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கும். பழையதைத் திருவனந்தபுரத்தில் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

திங்கள்சந்தை கீபோர்டு எழுதியது:

தம்பி, நல்ல மனசோடு சொல்கிறீர்கள், ஆனால் கொடுக்கிற எண்ணம் இல்லை.

அண்ணாச்சி, மூன்று தடவை எண்ணினேன். 83, 83, 83. கடைசிச் சுற்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. 45-இல் வைத்தால் 112, அதற்கும் கொஞ்சம் மேலே. பின்தகட்டில் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. மாமா ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்துத்தான் எப்போதும் ஓட்டுவார்.

கடியபட்டணம் கப்பல்காரன் எழுதியது:

சவுதி என்று படித்ததுமே நினைத்தேன். மோட்டாருக்கு ஒன்றும் இல்லை தம்பி.

நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சவுதியில் 60. துபாய், குவைத், மஸ்கட் எல்லாம் நம்மைப் போல 50 என்பதால் அங்கிருந்து வந்த செட்டுகளில் இந்தத் தொல்லை கிடையாது. உங்கள் செட்டில் இருப்பது சின்க்ரனஸ் மோட்டார். அது வோல்டேஜைப் பார்த்து வேகம் பிடிக்காது, ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் பிடிக்கும். டிரான்ஸ்பார்மர் 230 வோல்டை 127 ஆக்கும், ஐம்பதை அறுபது ஆக்காது. அறுபதுக்கு ஐம்பது என்றால் ஆறில் ஐந்து பங்கு. நூறு சுற்றில் ஆறில் ஐந்து பங்கு 83-ம் மூன்றில் ஒன்றும். உங்கள் கணக்கு அப்படியே வந்திருக்கிறது. 45-இல் 135 வர வேண்டியது 112-ஏ அரை வந்ததும் இதனால்தான்.

நான் பதினெட்டு வருஷம் கப்பலில் எலக்ட்ரீஷியன். என் கப்பல்களில் எல்லாம் 60 ஹெர்ட்ஸ். கப்பலில் நிமிஷம் பிசகாமல் ஓடிய மேசைக் கடிகாரம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கியது. அதே நோய்தான்.

மருந்து சின்னது. மோட்டார் தண்டில் பெல்ட் ஓடும் சின்னச் சக்கரம், ஒரு பித்தளைப் புல்லி இருக்கும், 33-க்கு ஒரு படி, 45-க்கு ஒரு படி. அதை விட்டம் கூட்டிக் கடைந்து போட வேண்டும். இப்போதைய விட்டத்தைப் போல 1.2 மடங்கு. ஆனால் பெல்ட்டின் கனத்தையும் கணக்கில் சேருங்கள், எல்லாரும் தவறுவது அங்கேதான். புல்லி 10 மி.மீ., பெல்ட் 0.6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10.6-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 12.72. அதில் 0.6 போனால் 12.12. வெறும் 12 என்று கடைந்தால் நூறுக்கு 99 சுற்றுதான் வரும், கீபோர்டு வாசிக்கிற உங்கள் காதுக்கு அது உறுத்தும். படியின் நடுவில் லேசாக ஒரு மேடு இருக்கும், அதை அப்படியே வைக்கச் சொல்லுங்கள், அதுதான் பெல்ட்டை நழுவாமல் பிடிக்கிறது. மாதிரிக்குப் பழைய புல்லியைக் கையில் கொடுங்கள்.

அப்புறம், 60-க்குச் செய்த மோட்டார் 50-இல் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். டிரான்ஸ்பார்மரில் 110 வோல்ட் முனை இருந்தால் அதில் போடுங்கள், அது போதும்.

திங்கள்சந்தை கீபோர்டு எழுதியது:

அண்ணாச்சி, இதை இரண்டு தடவை படித்தேன். அப்படியென்றால் மாமாவின் காது சரியாகத்தான் இருந்திருக்கிறது. தம்மாமில் கேட்டது வேறு, இங்கே கேட்டது வேறு. வயசாகிவிட்டது, கேட்கும் சுகம் குறைந்துவிட்டது என்று அவராகவே நினைத்துக்கொண்டு அத்தனை வருஷம் இருந்துவிட்டார். இதை யாராவது அவரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம்.

குழித்துறை டீச்சர் எழுதியது:

படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. என்னிடம் நூற்றுக்கு மேல் தட்டுகள் உண்டு. பாதி மார்த்தாண்டம் பக்கத்து ஆக்கர் (பழைய சாமான்) கடைகளில் எடைக்கு வந்ததில் பொறுக்கியது. அதனால் பூஞ்சையோடு எனக்குப் பழைய பழக்கம்.

முதலில் பயப்படாதீர்கள். பூஞ்சை வினைலைத் தின்பதில்லை. கைரேகையிலும் தூசியிலும் காகித உறையின் துகளிலும்தான் வளர்கிறது. ஆனால் துடைக்காமல் ஊசியை வைக்காதீர்கள். ஒரு பக்கத்தின் வரிப்பள்ளத்தை நீட்டிப் போட்டால் கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் வரும். அவ்வளவு தூரமும் ஊசி அந்த அழுக்கை இழுத்துக்கொண்டே போகும்.

டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம், காய்ந்ததும் உப்பு பள்ளத்தில் தங்கிவிடும். ஒரு லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து துளி. மென்மையான பிரஷை வரியின் போக்கிலேயே வட்டமாக ஓட்டுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு தடவை அலசி, தட்டு அடுக்கும் கம்பிச் சட்டத்தில் நிமிர்த்தி நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் அரை மணி நேரத்தில் அப்பளம் போல வளைந்துவிடும். பெட்டியில் கிராமபோன் காலத்து 78 தட்டு ஏதாவது இருந்தால் அதில் ஸ்பிரிட் மட்டும் படக் கூடாது. அது அரக்கு, கரைந்தே போகும்.

சுத்தம் செய்ததைப் பழைய காகித உறையில் திரும்ப வைக்காதீர்கள். பூஞ்சையின் விதை அந்தக் காகிதத்தில் இருக்கிறது. ஆனால் மாமா அதில் ஏதாவது எழுதியிருந்தால் தூக்கி எறியாமல் தனியாகக் காயவைத்து எடுத்துவையுங்கள். வெளியே கண்ணாடி மாதிரி மினுங்கும் தடித்த பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளானால் தட்டின் மேல் பால் படிந்தது போல மங்கல் விழும். சாதாரண பாலித்தீன் உறை நல்லது.

நம் மாவட்டம் ஆனி ஆடியிலும் மழை வாங்கும், ஐப்பசி கார்த்திகையிலும் வாங்கும். மழைச்சாரல் அடிக்கும் சுவரை ஒட்டி அலமாரி போடாதீர்கள். கட்டிலுக்கடியிலும் மச்சிலும் வேண்டவே வேண்டாம், ஒன்றில் செல் அரிக்கும், இன்னொன்றில் சூடு. தட்டுகள் நூல்கள் போல நேராக நிற்க வேண்டும், சாயவும் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று படுக்கவும் கூடாது.

வில்லுக்குறித் தம்பி, அந்த சூட்கேஸ் செட்டுகளில் பலவற்றில் ஊசி நாலைந்து கிராம் பாரத்தோடு இறங்குகிறது. நல்ல செட்டில் ஒன்றரை, இரண்டு கிராம்தான். புதுத் தட்டை அதில் ஓட்ட வேண்டாம்.

கீபோர்டுத் தம்பி, மாமா சேர்த்ததில் பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' இருக்கிறதா? 1973-இல் வந்தது. இருந்தால் செட் சரியானதும் முதல் பக்கத்தை முழுசாகக் கேளுங்கள். வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் குரல் ஏறி ஏறிப் போய் அடங்கும், அதோடு பக்கம் முடியும். அப்புறம் ஊசி தூக்கி, தட்டைத் திருப்பி வைக்கிறோமே, அந்த அரை நிமிஷ மௌனத்தில்தான் அந்தக் குரல் உள்ளே இறங்குகிறது. மறுபக்கம் காசுப்பெட்டிச் சத்தத்தோடு தொடங்கும். செல்போனில் அந்தக் குரலின் மேலேயே காசு வந்து விழுந்துவிடுகிறது. நான் இருபது வருஷமாகத் தட்டில் கேட்பதற்கு இந்த ஓர் இடம் போதும்.

திங்கள்சந்தை கீபோர்டு எழுதியது:

மூன்று வாரம் ஆகிவிட்டது, சொல்ல வேண்டியது கடமை.

கோட்டாறில் ஒரு லேத் பட்டறையில் புல்லி கடைந்து தந்தார்கள். கடைந்தவர் அளவைக் கேட்டதும், பெல்ட்டின் கனம் சேர்த்ததா சேர்க்காததா என்று அவரே கேட்டார். புது பெல்ட்டும் போட்டேன். மூன்று நிமிஷத்துக்கு 100. மறுபடி எண்ணினேன், 100. கீபோர்டில் ஜி வைத்துப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டு நின்றது. டிரம்ஸ் நுழையும் இடத்தில் எனக்குக் கை நடுங்கியது. இதுதான் தம்மாமில் மாமா கேட்டது.

போன சனிக்கிழமை மாமியைக் கூட்டிவந்து போட்டுக் காட்டினேன். பாட்டு முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது உங்க மாமா போடுற பாட்டு இல்லையே" என்றாள். பழைய புல்லியைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். எடுத்து மாட்டினேன், ஐந்து நிமிஷ வேலை. அதே பாட்டை ஈ-க்குக் கீழே, ஆறே முக்கால் நிமிஷமும் உட்கார்ந்து கேட்டாள்.

டீச்சர், இதுவரை பதினொரு தட்டு கழுவியாகிவிட்டது. உறைகளின் உள்பக்கம் மாமா பென்சிலால் வாங்கிய தேதி எழுதி, பிடித்த பாட்டுக்குச் சின்னச் சிலுவை போட்டிருக்கிறார். நீங்கள் சொன்னது இருக்கிறது. அதில் முதல் பக்கத்துக் கடைசிப் பாட்டுக்கு இரண்டு சிலுவை. அண்ணாச்சி, டிரான்ஸ்பார்மரில் 110 முனை இருந்தது, இப்போது மோட்டார் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. ஊசி மட்டும் தேய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஊசி பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜின் படத்தை நாளைக்குப் போடுகிறேன்.