சேலம் சூனிய வழக்கு வரை மனைவியின் கொடிவழி, பாதியில் நிற்கிறது. உதவி தேவை

வெண்ணாற்றங்கரை | சனி, காலை 6.52

அவசரம். என் மனைவியின் பாட்டி வழியினர் சேலம் சூனிய வழக்கில் சிக்கிய ஒரு பெண்ணின் வாரிசுகள் என்று அந்த வீட்டில் காலங்காலமாகப் பேச்சு. மாமியாருக்கு அடுத்த மாதம் எண்பது வயது நிறைகிறது. கொடிவழியை அழகாக வரைந்து, சட்டமிட்டுக் கொடுக்கலாம் என்று இறங்கினேன். 1850 வரை தடையின்றிப் போனது. அதற்கு மேல் நகரவில்லை. வேறு யாரோ இணையத்தில் ஏற்றிவைத்த கொடிவழியை ஒட்டிப் பார்த்தால் சிவப்பில் பிழை காட்டுகிறது. என்ன செய்யலாம்?

ஆத்தூர் குமரேசன் | சனி, காலை 7.20

எந்தத் தாலுகா என்று சொல்லவில்லையே. மாவட்ட ஆட்சியர் அலுவலக ஆவண அறையில் பழைய தீர்ப்பு நகல் கேட்டு மனுப் போடலாம். எங்கள் பக்கத்தில் சூனிய வழக்கு என்று கேள்விப்பட்டதில்லை. ஏற்காடு அடிவாரமா?

பாஸ்டன் மாலதி | சனி, காலை 8.05

குமரேசன் அண்ணா, அவர் கேட்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சேலம். 1692இல் நடந்த வழக்கு.

வெண்ணாற்றங்கரை அவர்களே, நீங்கள் சொல்லாமல் விட்டவை: அந்தப் பெண்ணின் பெயர், பாட்டியின் குடும்பப்பெயர், 1850இல் எந்த ஊரில் இருந்தார்கள், பிழைச் செய்தியில் எழுதியிருப்பது என்ன. இவை நான்கும் இல்லாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஏட்டுச்சுவடி | சனி, காலை 8.31

கேள்வி கேட்பதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டு வரும் வழக்கம் நம் மக்களிடம் எப்போது வருமோ தெரியவில்லை. “வழக்கில் சிக்கிய பெண்” என்றால் யார்? குற்றம் சாட்டப்பட்டவர்களே நூற்றைம்பது பேருக்கு மேல். தூக்கில் போடப்பட்டவர்கள் 19 பேர். அவர்களில் 14 பெண்கள், 5 ஆண்கள். கைல்ஸ் கோரி என்ற முதியவர் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல மறுத்ததால் மார்பில் கல் ஏற்றிக் கொல்லப்பட்டார். சிறையிலேயே இறந்தவர்கள் வேறு. யாரையும் எரிக்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்; அடுத்த பதிவில் யாராவது எரித்தார்கள் என்று எழுதத்தான் போகிறார்கள்.

ஒப்புக்கொண்டு உயிர் பிழைத்தவரின் வாரிசா, தூக்கில் ஏறியவரின் வாரிசா, சாட்சி சொன்னவரின் வாரிசா? முதலில் அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

மரபணு மணி | சனி, காலை 9.14

ஏன் இத்தனை சிரமம்? மாமியாரிடம் கொஞ்சம் எச்சில் வாங்கி டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்புங்கள். எல்லா இணையதளத்திலும் முடிவை ஏற்றுங்கள். சேலம் வாரிசுகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், பொருத்தம் தானாக வந்து நிற்கும். காகிதம் பொய் சொல்லும், இரத்தம் சொல்லாது.

வெண்ணாற்றங்கரை | சனி, நண்பகல் 12.40

வேலைக்கு நடுவே எழுதுகிறேன். குடும்பப்பெயர் எஸ்டி. அந்தப் பெண் மேரி. இது வெளிநாட்டு வம்சாவளிப் பகுதி என்பதால் எந்தச் சேலம் என்று சொல்லவில்லை. மற்றவை இரவில்.

பாஸ்டன் மாலதி | சனி, பிற்பகல் 2.25

அப்படியானால் டாப்ஸ்ஃபீல்டு மேரி ஈஸ்டி. அவருடைய அக்காள்தான் புகழ்பெற்ற ரெபெக்கா நர்ஸ். தங்கை சேரா க்ளாய்ஸ். மூவரும் டவுன் என்ற குடும்பப்பெயர் கொண்ட வீட்டில் பிறந்தவர்கள். மூவர் மீதும் குற்றம் சாட்டினார்கள். ரெபெக்காவை ஜூலை 19 அன்றும் மேரியைச் செப்டம்பர் 22 அன்றும் தூக்கிலிட்டார்கள். சேரா மட்டும் பிழைத்தார். அவர் குடும்பம் பிறகு ஃப்ரேமிங்காம் பக்கம் குடிபெயர்ந்தது.

தேடும்போது எஸ்டி, ஈஸ்டி, எஸ்டே என எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். ஒரே மனிதரின் பெயரை ஒரே எழுத்தர் இரண்டு விதமாக எழுதியிருப்பார்.

1850இல் நிற்பதற்குக் காரணம் உங்கள் தேடலில் இல்லை. 1790 முதல் 1840 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். மற்றவர்களெல்லாம் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. வீட்டில் இருந்த அனைவரின் பெயரையும் எழுதத் தொடங்கியது 1850இல்தான். அதற்கு முன்னே போக வேறு கதவு தட்ட வேண்டும். மாசசூசெட்ஸ் ஊர்கள் என்றால் 1850 வரையிலான பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் ஊர்வாரியாக அச்சாகியிருக்கின்றன. டாப்ஸ்ஃபீல்டு, ஆண்டோவர், சேலம் எல்லாம் இருக்கின்றன, இலவசமாகவே படிக்கலாம். நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் போயிருந்தால் இவ்வளவு எளிதில்லை. எந்த ஊர் என்று இன்னும் சொல்லவில்லை நீங்கள்.

மணி அவர்களுக்கு: மாமியாருக்கும் மேரிக்கும் இடையே பத்துக்குக் குறையாத தலைமுறைகள் இருக்கும். அவ்வளவு தொலைவில் உள்ள மூதாதையரில் பலரிடமிருந்து நமக்கு ஒரு துண்டு டிஎன்ஏகூட வந்திருக்காது. பொருத்தம் வந்தாலும் அது மேரி வழியா, அதே ஊரில் இருந்த வேறொருவர் வழியா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? அந்தச் சிற்றூர்களில் எல்லோரும் எல்லோருக்கும் சம்பந்தி.

மரபணு மணி | சனி, பிற்பகல் 2.51

பிரிக்கலாம். முக்கோணமாக ஒப்பிடும் முறை இருக்கிறது. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

தொண்டித்துறை | சனி, மாலை 4.10

யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த வழக்கில் முதலில் கைதான மூவரில் ஒருத்தி டிடூபா, பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டு அடிமை. ஆவணத்தில் அவளை “இந்தியப் பெண்” என்று எழுதியிருக்கிறார்கள். 1680களில் மதராஸ் கரையில் அடிமை வியாபாரம் நடந்தது ஊரறிந்த செய்தி. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறியவளாக ஏன் இருக்கக்கூடாது? நம் பெண்ணின் வரலாற்றை நாமே தேடாவிட்டால் யார் தேடுவார்கள்?

ஏட்டுச்சுவடி | சனி, மாலை 4.22

இந்தப் பகுதியில் எந்த இழையைத் திறந்தாலும் கடைசியில் எல்லோரும் தமிழராகிவிடுகிறார்கள். அந்தக் காலத்து ஆங்கிலேயக் குடியேறிகள் அமெரிக்கப் பழங்குடியினரை எழுதிய சொல் அது. கீழைநாட்டிலிருந்து வந்தவர்களைக் “கிழக்கிந்தியன்” என்று பிரித்தெழுதும் வழக்கம் வர்ஜீனியாவில் 1635லேயே இருந்தது. பாரிஸ் பார்படாஸில் வணிகம் செய்தவர். டிடூபாவையும் அங்கிருந்து கொண்டுவந்தார் என்பதே பொதுவான கருத்து.

தொண்டித்துறை | சனி, மாலை 4.40

பார்படாஸுக்கு அவள் எங்கிருந்து வந்தாள் என்பதுதான் என் கேள்வி. அதற்கு உங்களிடம் பதில் இல்லை. 1692 வரை மதராஸ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் பாஸ்டனில் பிறந்தவர் என்பதாவது தெரியுமா?

ஏட்டுச்சுவடி | சனி, மாலை 5.02

யேல் பாஸ்டனில் பிறந்தால் டிடூபா தொண்டியில் பிறந்தாளா? சேலத்தில் மதராஸ்காரர் ஒருவரைக் கண்டதாகப் பதிவு இருக்கிறது, மறுக்கவில்லை. அது 1790 டிசம்பர். வில்லியம் பென்ட்லி என்ற பாதிரியாரின் நாட்குறிப்பு. இந்தியர் ஒருவரைத் தான் முதன்முறையாகப் பார்ப்பதாக எழுதியிருக்கிறார். வழக்கு முடிந்து ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து.

தொண்டித்துறை | சனி, மாலை 5.09

பாதிரியார் முதலில் பார்த்தது அது. முதலில் வந்தது அதுவென்று எங்கே எழுதியிருக்கிறது?

அ. செல்வி | சனி, மாலை 6.30

உங்கள் சண்டைக்கு நடுவே ஒரு சந்தேகம். சூனியக்காரியின் வாரிசு என்று எழுதிச் சுவரில் மாட்டிக்கொள்வதில் என்ன பெருமை? ஜார்க்கண்டில் இன்றும் இந்தப் பழியைப் போட்டுப் பெண்களைக் கொல்கிறார்கள். அதைத் தடுக்க 2001இல் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அங்கே ஒரு குடும்பம் இதை வெளியே சொல்லுமா?

பாஸ்டன் மாலதி | சனி, மாலை 7.15

செல்வி அக்கா, பெருமை அவர் சூனியக்காரி என்பதில் இல்லை. “ஆமாம், நான் செய்தேன்” என்று ஒப்புக்கொண்டவர்களை அப்போது தூக்கிலிடவில்லை. மேரி ஒரு பொய் சொல்லியிருந்தால் வீடு திரும்பியிருப்பார். சொல்லவில்லை. தன் உயிருக்காகக் கெஞ்சாமல், இனி ஒரு குற்றமற்றவரின் இரத்தமும் சிந்தக்கூடாது என்று நீதிபதிகளுக்கு மனு எழுதிவிட்டுப் போனார். அந்த மனு இன்றும் இருக்கிறது. இப்படிப்பட்ட பாட்டியைச் சுவரில் மாட்டாமல் யாரை மாட்டுவது?

எனக்கு அதைவிட மனத்தில் நிற்பது அவர் கணவர் ஐசக் 1710இல் கொடுத்த மனு. மனைவி ஏறக்குறைய ஐந்து மாதம் சிறையில் இருந்தாள், அவளுக்கு வேண்டியதை நானே என் செலவில் கொடுத்தேன், வாரம் இருமுறை போய்வந்தேன் என்று கணக்கு எழுதியிருக்கிறார். அப்போது கைதியின் சோற்றுக்கும் விலங்குக்கும்கூடக் குடும்பம்தான் பணம் கட்ட வேண்டும். மறு ஆண்டு அரசாங்கம் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மொத்தமாக 578 பவுண்டு 12 ஷில்லிங் ஒதுக்கியது. அதில் இவர்களுக்கு 20 பவுண்டு. எல்லோருடைய பெயரும் அப்போதே துடைக்கப்படவில்லை. ஆண்டோவரின் எலிசபெத் ஜான்சனுக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டிடூபாவுக்குத் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள்.

வெண்ணாற்றங்கரை | சனி, இரவு 10.48

இப்போதுதான் உட்கார்ந்தேன். 1850இல் நியூ ஹாம்ப்ஷயர், ஹில்ஸ்பரோ கவுண்டி. பிழை இரண்டு இடத்தில். ஒன்று: அண்ணன் பிறப்பு 1731 ஏப்ரல், தம்பி பிறப்பு 1731 பிப்ரவரி. மூத்தவனுக்கு முன்பே இளையவன் பிறந்ததாகக் காட்டுகிறது. இரண்டு: மேரியின் மகன் ஐசக், பிறப்பு 1694.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 5.37

முதலாவது பிழையே இல்லை. ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் 1752 சீர்திருத்தம் வரை ஆண்டு பிறப்பது மார்ச் 25 அன்று. நமக்குச் சித்திரையில் ஆண்டு பிறப்பதைப் போலத்தான். எனவே 1731 ஏப்ரல் முதலில் வரும். அதே 1731இன் கடைசியில் பிப்ரவரி வரும், நம் கணக்கில் அது 1732. இடையே பத்து மாதம். தாய்க்குத்தான் பாவம் ஓய்வில்லை. தேதியை 1731/32 என்று இரட்டை ஆண்டாகப் போடுங்கள், சிவப்பு போய்விடும். சேலம் வழக்கின் முதல் கைது ஆணைகளிலும் பிப்ரவரி 29, 1691/92 என்ற கணக்குதான்.

இரண்டாவது உண்மையான பிழை. 1692இல் தூக்கிலிடப்பட்டவர் 1694இல் எப்படிப் பிள்ளை பெறுவார்? தவிர அவருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு அளவில். கணவர் ஐசக், மகனும் ஐசக். பேரன் ஐசக்கை யாரோ மகன் இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள், நூறு பேர் அதை நகலெடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நடுவே ஒரு தலைமுறையைச் செருகிச் சரிபாருங்கள்.

ஏட்டுச்சுவடி | ஞாயிறு, காலை 7.55

இதைத்தான் நான் முதல் பதிவிலேயே வேறு சொற்களில் சொன்னேன். இணையக் கொடிவழிகள் ஆவணம் ஆகா.

ஆத்தூர் குமரேசன் | ஞாயிறு, காலை 8.20

எனக்கு அமெரிக்கா தெரியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது ஆண்டு எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் கேட்கிறேன். இவர்கள் விவசாயிகள்தானே? நிலம் இருந்திருக்குமே? அப்பன் மகனுக்கு எழுதிவைத்த பத்திரம் இருக்காதா? எங்கள் ஊரில் பிறப்புப் பதிவே இல்லாத குடும்பத்துக்கும் மூலப்பத்திரத்தைப் பார்த்தால் நாலு தலைமுறை வந்துவிடும்.

பாஸ்டன் மாலதி | ஞாயிறு, காலை 9.02

அண்ணா, இதைச் சொல்ல நான் மறந்தே போனேன். நியூ ஹாம்ப்ஷயருக்கு மிகச் சரியான வழி. அங்கே மகனுக்கு நிலம் கொடுக்கும்போது “என் மகன் இன்னாருக்கு, அன்பின் பொருட்டு” என்று எழுதுவது வழக்கம். எந்த ஊரிலிருந்து வந்து குடியேறினார் என்பதும் அதில் இருக்கும். பதிவேட்டுப் படங்களை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வாங்கியவர், விற்றவர் இரண்டு அட்டவணையிலும் எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். குடும்பத்தில் யாராவது அமெரிக்க விடுதலைப் போரில் இருந்தார்களா என்றும் கேளுங்கள். ஓய்வூதியம் கேட்ட விதவைகள் திருமணச் சான்றாகக் குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களில் பிள்ளைகளின் பெயரெல்லாம் இருக்கும்.

தொண்டித்துறை | ஞாயிறு, காலை 11.30

டிடூபாவுக்குத் தனி இழை தொடங்கிவிட்டேன். ஏட்டுச்சுவடி ஐயா அங்கே வரவும்.

மரபணு மணி | ஞாயிறு, பிற்பகல் 1.15

பத்திரம் கிடைத்தாலும் டிஎன்ஏ எடுத்துவிடுங்கள். பண்டிகை நாட்களில் தள்ளுபடி உண்டு.

கணக்குப்பிள்ளை | வெள்ளி, இரவு 9.10

என்ன ஆயிற்று? சிவப்பு போனதா?

வெண்ணாற்றங்கரை | திங்கள், காலை 6.58

போயிற்று. பத்திரமும் கிடைத்தது. “டாப்ஸ்ஃபீல்டிலிருந்து வந்த” என்று தெளிவாக இருக்கிறது, தந்தை பெயரோடு. குமரேசன் ஐயாவுக்கு நன்றி. மாமியார் பயணத்துக்கு விமானச் சீட்டு போட வேண்டும், மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

பாஸ்டன் மாலதி | திங்கள், காலை 8.40

மகிழ்ச்சி. அந்தத் தந்தையின் பெயரை டாப்ஸ்ஃபீல்டு அச்சுத் தொகுப்பில் பாருங்கள். அதே பெயரில் இருவர் இருந்தால் எசெக்ஸ் கவுண்டி உயில் கோப்புகளைப் பார்க்காமல் சட்டமிட வேண்டாம். பத்திரத்தின் ஆண்டு என்ன?

பாஸ்டன் மாலதி | புதன், இரவு 7.05

ஆண்டு?

ஆத்தூர் குமரேசன் | புதன், இரவு 9.48

சாட்சிக் கையெழுத்து யார் யார் என்றும் பார்க்கச் சொல்லுங்கள் அம்மா. பெரும்பாலும் மைத்துனனாகத்தான் இருப்பான்.